தண்ணீரைப் பார்த்து மீன் வாங்குவோம்



முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். மதுரையில் அவனியாபுரம், வில்லாபுரம் பக்கம் பல வீடுகளில் புது மீன் தொட்டி வந்து இறங்கும் காலம் இது. தெருவெல்லாம் விளையாடித் திரிந்த பிள்ளை ஒரு கண்ணாடித் தொட்டி முன்னால் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே நிறைவாக இருக்கிறது. அந்த ஆர்வம் ஒரு மாதத்தில் வாடிவிடக் கூடாது என்ற அக்கறையில்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

கடையில் நாம் முதலில் நிறத்தைப் பார்க்கிறோம், அப்புறம் விலையைக் கேட்கிறோம். அதற்கெல்லாம் முன்னால் நம் வீட்டுத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். உங்கள் போர் தண்ணீர் பாத்திரத்திலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படிகிறதா? அது சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினத் தண்ணீர். கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் போன்ற குட்டி போடும் மீன்களுக்கு இந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும். நியான் டெட்ராவும் டிஸ்கஸும் அமேசான் படுகையின் மென்மையான தண்ணீரில் பிறந்த இனங்கள். அவற்றை நம் போர் தண்ணீரில் விட்டுவிட்டு ராசியில்லை என்று வருந்துவதில் பயனில்லை. மாநகராட்சித் தண்ணீர் என்றால் அதில் குளோரின் இருக்கும். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுவது நல்லது. கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தைச் சில சொட்டு விட்டும் பயன்படுத்தலாம்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 55 லிட்டர் கொள்ளும். தொடங்குகிறவர்களுக்கு இதுவே பொருத்தம். சின்னக் கிண்ணத்தைவிட இதைப் பராமரிப்பது எளிது. தண்ணீர் கூடுதலாக இருந்தால் சூடும் அழுக்கும் சட்டென்று ஏறாது. கோல்டு ஃபிஷ் வாங்குகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். அது ஒரு சாண் வளரும், பத்து ஆண்டுக்கு மேலும் வாழும், கழிவும் அதிகம். கிண்ணத்தில் அதற்கு வாழ்வில்லை.

புதுத் தொட்டியில் மீன்கள் முதல் மாதத்திலேயே சாவதற்குக் காரணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது. மீனின் கழிவும் தின்னாமல் விட்ட இரையும் அம்மோனியாவாக மாறுகின்றன. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்த நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் முதலில் இரண்டு மூன்று மீன் மட்டும் விடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே இரை போடுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். மொத்தத்தையும் கொட்டிவிட்டு, பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவினால் அத்தனை நுண்ணுயிரும் போய்விடும். எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பஞ்சை அலசுங்கள்.

மதுரை வெயிலுக்குத் தனிக் கவனம் வேண்டும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். ஜன்னல் வெயில் படாத இடத்தில் தொட்டியை வையுங்கள். பகலில் மூடியைச் சற்றுத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறிக் காற்று படும்படி விட்டால் ஆவியாகும் தண்ணீரே சூட்டைக் குறைத்துவிடும். கரண்ட் போகும் நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

செடிகளுக்கு வெகுதூரம் போக வேண்டாம். கடையில் பக்கோபா என்று விற்பது நம் வாய்க்கால் ஓர ஈரத்தில் படரும் நீர்ப்பிரமிதான். பள்ளிக்கூடத்தில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்கு வைத்த ஹைட்ரில்லாவும் தொட்டியில் தழைக்கும். கண்மாய் வற்றினாலும் சேற்றுக்குள் கிழங்காகக் காத்திருந்து, மழைத் தண்ணீர் வந்ததும் இலை விடும் கொட்டிக்கு, தொட்டிக்கென்றே விற்கும் உறவினச் செடிகள் பல உண்டு. இவை நைட்ரேட்டை உறிஞ்சுகின்றன. குட்டிகளுக்கு ஒளியவும் இடம் தருகின்றன.

மதுரைக்காரர்களுக்குக் குழம்பில் மட்டும் தெரிந்த அயிரையும் அருமையான தொட்டி மீன்தான். பொடி மணல் பரப்பினால் அதில் மூக்கை நுழைத்து இரை தேடும். சட்டென்று உடம்பைப் புதைத்துக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும். சந்தையில் உயிரோடு விற்பதை நான்கைந்து வாங்கிவந்து விட்டுப் பாருங்கள், பிள்ளைகள் சொக்கிப்போவார்கள். ஆனால் நாட்டு மீன் எல்லாவற்றையும் இப்படி வாங்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். சிவப்புக் கோட்டழகி மிஸ் கேரளா, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் மட்டுமே வாழ்வது. வண்ண மீன் வணிகத்துக்காக ஆற்றில் பிடித்துப் பிடித்தே அது அருகியது. இன்று உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஓடும் குளிர்ந்த நீருக்குப் பழகிய அந்த மீன் நம் ஊர் வெயிலைத் தாங்குமா என்றும் யோசியுங்கள்.

இனி சொல்லப்போவதை ஒரு வேண்டுகோளாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வளர்க்க முடியாமல் போன மீனையோ செடியையோ கண்மாயிலும் வைகையிலும் விட்டுவிடாதீர்கள். உயிரைக் கொல்ல மனமில்லாமல்தான் விடுகிறோம். ஆனால் அங்கே இருக்கும் ஆயிரம் உயிருக்கு அது கேடாகிறது. வைகையை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை, பூவின் அழகுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட செடிதான். தொட்டிப் பாசியைத் தின்னும் என்று வாங்கும் சக்கர் மீனும் அந்தக் கண்டத்துடையதே. ஒரு அடிக்கு மேல் வளர்ந்ததும் தொட்டி போதாமல் ஏரியில் விட்டார்கள். இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் மீனவர் வலையைக் கிழிக்கிறது. முட்டையிடக் கரையைக் குடைந்து பொந்து போடும் பழக்கமும் அதற்கு உண்டு. மண் கரையை நம்பி நிற்கும் நம் கண்மாய்களுக்கு இது எவ்வளவு ஆபத்து என்று விவசாயக் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கும் நண்பருக்குக் கொடுங்கள். கழித்த செடியை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

நம் கண்மாய்களில் முன்பு நீந்திய சின்ன மீன்களின் பெயர் தெரிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருப்பார்கள். அவர்களைக் கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். எந்தக் கண்மாய், எந்த மாதம், என்ன நிறம் என்று தெரிந்த அளவு குறிப்பிடுங்கள். வரும் இதழ்களில் அவற்றைத் தொகுத்து வெளியிட ஆவலாக இருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்