'வாக்' வந்த வழி வேறு

'வாக்' என்ற ஆங்கில வினைச்சொல் நம் 'வலம்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்று சென்ற இதழில் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். கோயிலை வலம் வருகிறோம், அது நடை, ஆகவே வலம் என்றால் நடை. அதனோடு 'கால்' சேர்ந்து 'வலக்கால்' ஆனது. அரபு வணிகர் வாயில் அது 'வால்க்' என்று தேய்ந்து, 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. இதுதான் அவர் சொல்லும் வரலாறு. இதை ஒப்பாதவர்கள் ஆங்கிலத்துக்கு அடிமைப்பட்டவர்கள் என்று கடைசிப் பத்தியில் தீர்ப்பும் எழுதிவிட்டார். கட்டுரை முழுக்கப் பிழை. வெறும் பிழையோடு நின்றிருந்தால் நான் பேனா எடுத்திருக்க மாட்டேன். தமிழின் பெயரைச் சொல்லித் தமிழுக்கே கேடு செய்கிற கட்டுரை அது.

முதலில் தமிழையே எடுத்துக்கொள்கிறேன், அதையும் அவர் சரியாகப் படிக்கவில்லை என்பதால். வலம் என்றால் நடை அல்ல. வல், வலி, வலிமை, வல்லமை, வன்மை என்று விரியும் குடும்பத்துச் சொல் அது. வலிமை, வெற்றி, வலிமை மிகுந்த கை இருக்கும் பக்கம் என்று அதன் பொருள் போகிறது. வலக்கை, வலப்பக்கம் என்று நாள்தோறும் சொல்கிறோம். தெய்வம் நமக்கு வலப்பக்கத்தில் இருக்கும்படி சுற்றி வருவதால் அது வலம் வருதல். அந்தத் தொடரில் நகர்வைச் சொல்வது 'வருதல்' என்ற வினை. தேர் வலம் வருகிறது. பல்லக்கில் ஏறிய உற்சவர் வலம் வருகிறார். அவர்கள் யாரும் நடக்கவில்லை. பக்கத்தில் நின்ற வினையின் பொருளைப் பிடுங்கிப் பெயர்ச்சொல்லுக்குச் சூட்டிவிட்டு, அதன்மேல் நூற்றாண்டுகளின் வரலாற்றைக் கட்டியிருக்கிறார். தமிழ் அகராதியை ஒருமுறை புரட்டியிருந்தால் கட்டுரை முதல் பக்கத்திலேயே நின்றுபோயிருக்கும்.

அடுத்து, 13ஆம் நூற்றாண்டு. காலால் நடப்பது என்ற பொருளில் 'வாக்' ஆங்கில ஏடுகளில் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான் தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது என்பது உண்மை. அந்த உண்மையின் பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டார். பொருள்தான் புதியது, சொல் பழையது. பண்டை ஆங்கிலத்தில் 'வெயல்கன்' என்ற வினை இருந்தது. உருளுதல், புரளுதல், அலைக்கழிதல் என்பவை அதன் பொருள்கள். 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட சுவடி ஒன்று எக்ஸிட்டர் பேராலயத்தில் இன்றும் இருக்கிறது; 1072இல் மறைந்த ஆயர் லியோஃப்ரிக் அந்த ஆலயத்துக்குக் கொடுத்தது. அதில் 'கடலோடி' என்று இன்று வழங்கும் கவிதையில், கடலலைகளின் புரளலைச் சொல்ல 'கெவெயல்க்' என்ற பெயர் வருகிறது. அதே வேரிலிருந்து வந்த சொல்தான். 13ஆம் நூற்றாண்டில் அரபுக் கப்பலில் வந்து இறங்கியதாகக் கட்டுரையாளர் சொல்லும் சொல், அதற்கு 200 ஆண்டுகளுக்கு மேல் முன்பே ஆங்கில நாட்டுத் தோலேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய காலக்கணக்கு இந்த ஒரு சுவடியோடு முடிந்துபோகிறது.

அந்தச் சொல்லுக்கு உறவும் உண்டு. ஜெர்மனில் 'வால்கன்', பழைய நார்ஸில் 'வால்கா'. ஆங்கிலேயர் இங்கிலாந்துக்குக் குடியேறுவதற்கு முன்பே இம்மொழிகளின் பொது மூதாதையிடம் இந்த வினை இருந்தது என்பதை இந்த உறவுகள் காட்டுகின்றன. கட்டுரையாளர் அவற்றில் ஒன்றைக்கூடக் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டிருந்தால், வலம் ஒரே நேரத்தில் ஜெர்மானியரிடமும் நார்வேக்காரரிடமும் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

ஜெர்மனில் அந்த வினை ஒரு தொழிலின் பெயர். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சொல்லோடு ஒட்டிய உழைப்பு அங்கேதான் இருக்கிறது. தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி இழை இழையாகத் தளர்ந்திருக்கும். ஆட்டுமயிரின் எண்ணெய்ப் பிசுக்கும் போயிருக்காது. அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீர் கலந்த நீரில் ஊறவைத்து, ஆட்கள் உள்ளே இறங்கி மணிக்கணக்கில் மிதிப்பார்கள். சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா பிசுக்கை எடுக்கும். பிசுக்கை உறிஞ்ச ஒருவகைக் களிமண்ணும் சேர்ப்பார்கள். மிதியும் ஈரமும் சேர்ந்து இழைகளை ஒன்றோடொன்று பின்னி இறுக்கும். துணி சுருங்கித் தடிக்கும். அதன் பிறகுதான் அது வட ஐரோப்பாவின் குளிரைத் தாங்கும். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீர்ச்சக்கரத்தால் எழுந்து விழும் மரச்சம்மட்டிகள் இங்கிலாந்தில் இந்த வேலையை ஏற்கத் தொடங்கின.

துணி மிதித்தவரின் பெயர் 'வாக்கர்'. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாக்கர், தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். மூன்றும் ஒரே தொழிலிலிருந்து வந்த குடும்பப் பெயர்கள். 14ஆம் நூற்றாண்டில் விக்ளிஃப் வழியினர் ஆக்கிய ஆங்கில விவிலியத்தில், இயேசுவின் ஆடை மண்ணில் எவராலும் வெளுக்க முடியாத வெண்மையாயிற்று என்று மாற்கு சொல்லும் இடத்தில் இந்த வாக்கர் நிற்கிறார். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் பெண்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, பாட்டின் தாளத்துக்கு ஈரத்துணியை அடித்து இறுக்கிய வழக்கம் 20ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. கையால் செய்த அந்த வேலைக்கும் ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் இதே சொல்லின் ஸ்காட்டிய வடிவம். குளிருக்கு உடுத்துவதற்காகத் தலைமுறை தலைமுறையாக உழைத்த எளிய மக்களின் நினைவு இந்தச் சொற்குடும்பத்தில் இருக்கிறது. நம் நெசவாளரின் சொற்களை வேறொருவர் வந்து தன்னுடையவை என்றால் நமக்குப் பொறுக்குமா? அவர்களுக்கு மட்டும் அதை ஏன் செய்கிறோம்?

துணி மிதித்ததிலிருந்து நடைப் பொருள் வந்ததா, அல்லது புரளுதல், அலைதல், நடத்தல் என்று நேராக நகர்ந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் நடைப் பொருளுக்குப் பிறகுதான் துணி மிதிக்கும் பொருள் வினையில் தென்படுகிறது என்பதால் இரண்டாவது வழியே எனக்கு வலுவாகப் படுகிறது. இந்த நகர்வு நம்ப முடியாதது, உருளுவது எப்படி நடப்பதாகும் என்று கட்டுரையாளர் கேட்கிறார். ஆங்கிலத்திலேயே விடை இருக்கிறது. 'கோ' என்ற வினைக்கு இறந்தகாலம் 'வென்ட்'. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இந்த வடிவம் 'வெண்டன்' என்ற வேறொரு வினையிலிருந்து வந்தது. வெண்டன் என்றால் திருப்புதல், திரும்புதல். அது மெல்ல மெல்லப் போதல் என்ற பொருளுக்கு வந்து, 15ஆம் நூற்றாண்டளவில் 'எயோடெ' என்ற பழைய இறந்தகால வடிவத்தின் வழிவந்தவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமர்ந்தது. சுற்றித் திரிவதைக் குறிக்கும் 'வாண்டர்' என்ற வினையும் அதே குடும்பம்தான். திரும்புவதும் சுழல்வதும் நகர்வாக மாறுவது ஜெர்மானிய மொழிகளில் பலமுறை நடந்திருக்கிறது. 'வாக்' அந்த வரிசையில் இயல்பாகப் பொருந்துகிறது.

ஆங்கிலேயரிடம் நடப்பதற்குச் சொல்லே இல்லாததால் கடன் வாங்கினார்கள் என்கிறார். பண்டை ஆங்கிலத்தில் 'கான்' இருந்தது, 'கங்கன்' இருந்தது, 'ஸ்டெப்பன்' இருந்தது, 'ஃபரன்' இருந்தது, நீரில் இறங்கி நடப்பதற்கு 'வடன்' இருந்தது. கங்கன் ஸ்காட்லாந்தில் இன்றும் 'கேங்' என்ற வினையாக வாழ்கிறது. ஃபரன் 'ஃபேர்வெல்' என்ற விடைபெறும் சொல்லுக்குள் இருக்கிறது. ஒரு மக்களுக்கு நடக்கக்கூடச் சொல் இல்லை என்று எழுத வேண்டுமானால், அவர்களுடைய பழைய ஏடுகளில் ஒன்றையாவது பார்த்திருக்க வேண்டும். நம்மைப் பற்றி எவராவது இப்படி எழுதியிருந்தால் அதற்கு நாம் என்ன பெயர் வைப்போம் என்று அவரே எண்ணிப் பார்க்கட்டும்.

எழுத்தில் இருந்து உச்சரிப்பில் இல்லாத 'ல்' தமிழ் வலத்தின் சுவடு என்ற வாதத்துக்கு அதிக இடம் தேவையில்லை. டாக், சாக், பாக், ஸ்டாக் என்று பேச்சையும் சுண்ணக்கட்டியையும் தயக்கத்தையும் தண்டையும் குறிக்கும் சொற்களிலும் அதே 'ல்' எழுத்தில் இருந்து வாயில் மறைந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஆங்கிலேயர் அதை உச்சரித்தார்கள்; பிறகு 'க்' ஒலிக்கு முன்னால் அது கரைந்தது. ஜெர்மனியில் இன்றும் ஒலிக்கிறது. இந்தச் சொற்கள் எல்லாமும் வலம் வந்தவையா?

அரபு வணிகர் கதைக்கு வருகிறேன். சொல் ஒன்று கைமாறிப் பயணம் செய்தால், போன வழியெல்லாம் தடம் விடும். திப்பிலியைப் பாருங்கள். வடமொழியில் பிப்பலி, கிரேக்கத்தில் பெப்பெரி, இலத்தீனில் பிப்பெர், அரபியில் ஃபில்ஃபில், பண்டை ஆங்கிலத்தில் பிபொர். சரக்கு போன துறைமுகம்தோறும் பெயரும் இறங்கியிருக்கிறது. 'வலக்கால்' அரபு வணிகர் வழியாகப் போனதென்றால் அரபியில் எங்கே? அரபியில் நடப்பதற்கு 'மஷா'. அடுத்த துறையான இத்தாலியில் 'கம்மினாரே'. அடுத்த நாடான பிரான்சில் 'மார்ஷே'. இடையில் ஒரு மொழியையும் தொடாமல் ஒரு வினைச்சொல் ஆங்கிலக் கரையில் மட்டும் போய் விழாது. அதுவும் வணிகர் கொண்டுபோவது பொருளின் பெயரை. திப்பிலியைப் போல நடையை மூட்டை கட்டி விற்க முடியாது.

ஒலி ஒத்திருக்கிறதே என்ற கேள்விதான் அவரிடம் மிச்சம் இருப்பது. உலகில் மொழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மனித வாய் எழுப்பும் ஒலிகள் கொஞ்சம்தான். தற்செயல் ஒற்றுமை நேராமல் இருந்தால்தான் வியப்பு. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளில் ஒன்றான ம்பாபரத்தில் நாய்க்குப் பெயர் 'டாக்'. மொழியியலாளர் டிக்சன் அதைப் பதிவு செய்து, ஆங்கிலத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்று காட்டியிருக்கிறார். பாரசீகத்தில் கெட்டது என்பதற்கு 'பத்'. ஆங்கில 'பேட்' அதற்கு உறவில்லை. இலத்தீன் 'ஹபேரே'யும் ஜெர்மன் 'ஹாபன்'னும் ஒரே பொருள், ஒரே ஒலி என்று தோன்றும். வேர்கள் வேறு வேறு. உறவை நிறுவுவது, ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் ஒலி மாற்றம். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு, பல், ஹல்லு, பத்து, ஹத்து, புலி, ஹுலி. நம் 'போ' கன்னடத்தில் 'ஹோகு'. பார்வைக்குத் தொலைவாகத் தெரியும் போவும் ஹோகுவும் உடன்பிறப்புகள் என்று உறுதியாகச் சொல்ல முடிவது அந்த ஒழுங்கால். பழைய கன்னடத்தில் அது 'போகு' என்றே இருந்ததும் அதை உறுதி செய்கிறது. வலத்துக்கும் வாக்குக்கும் இடையே இப்படி இரண்டாவது சொல் ஒன்றையாவது அவர் காட்டினாரா? ஆறு பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

இனி, என்னைச் சினம் கொள்ளச் செய்த இடம். ஒப்பியல் மொழியியல் முழுவதும் ஐரோப்பியரின் சதி, அதைத் தூக்கி எறிய வேண்டும் என்கிறார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்திய மொழிகள் எல்லாம் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்று கல்கத்தாவில் இருந்த அறிஞர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதை மறுத்து, தமிழும் தெலுங்கும் கன்னடமும் தனிக் குடும்பம் என்று 1816இல் சென்னையில் எல்லிஸ் எழுதினார். கேம்பலின் தெலுங்கு இலக்கண நூலுக்கு அவர் எழுதிய குறிப்பில் வேர்ச்சொற்களை நிரல்படுத்தி அதை நிறுவினார். 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் அதை விரித்தார். 1961இல் பர்ரோவும் எமனோவும் திராவிடச் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டார்கள். தொலைவிலுள்ள பலுசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகூயி நம் மொழிக்கு உறவு என்று தெரிந்ததும் இந்த முறையால்தான். தமிழ் வடமொழியிலிருந்து பிறந்ததல்ல என்று இன்று எந்த அவையிலும் தலைநிமிர்ந்து சொல்ல முடிகிறதே, அந்த உரிமைக்கு மூலப்பத்திரம் இந்த முறை. கட்டுரையாளர் கிழிக்கச் சொல்வது அந்தப் பத்திரத்தை. ஒலி ஒத்திருந்தால் போதும், ஒழுங்கு வேண்டாம், சான்று வேண்டாம், காலம் வேண்டாம் என்று நாம் ஒப்புக்கொண்டால், தமிழ்ச் சொல் ஒவ்வொன்றையும் வடமொழியிலிருந்து வந்ததாகச் சொல்ல விரும்புவோர் நாளையே அதே வழியில் வந்து நிற்பார்கள். அப்போது அவர்களை எந்தக் கருவியால் மறுப்பார்? அடிமை என்று பிறரை ஏசும் முன் இதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் உண்மையிலேயே இருக்கின்றன. அவற்றை எண்ணி நான் பெருமைப்படுகிறேன். கட்டுமரம் 'கட்டமரான்' ஆனது. 1697இல் வெளியான டாம்பியரின் பயண நூலில் சோழமண்டலக் கரையின் அந்த மிதவை வருணிக்கப்பட்டிருக்கிறது. சுருட்டு 'செரூட்' ஆனது. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' என்ற சூப்பானது. குருந்தக்கல் 'கொரண்டம்' ஆகி வேதியியல் நூல்களில் ஏறியது. ஒவ்வொன்றுக்கும் எந்தக் கரையில், யார் வழியாக, எந்தக் காலத்தில் என்று சொல்ல முடியும். யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெலும் சேர்ந்து தொகுத்து, 1886இல் வெளியான 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில் இவ்வகைச் சொற்களுக்கான சான்றுகள் ஆண்டு வாரியாகக் கிடக்கின்றன. மரத்தைக் கட்டிக் கடலில் இறங்கிய மீனவர்கள் உலகத்துக்குக் கொடுத்த சொல்லை, வலக்கால் போன்ற பொய்யோடு ஒரே பந்தியில் உட்கார வைத்தால், படிப்பவர் இரண்டையும் சேர்த்தே தள்ளுவார். இப்போதே பலர் அப்படித்தான் தள்ளுகிறார்கள். அந்த அவமதிப்புக்குக் காரணம் இத்தகைய கட்டுரைகள்.

அடுத்த இதழில் 'ரன்' என்ற வினையையும் தமிழிலிருந்து வருவித்துக் காட்டுவதாக அறிவித்திருக்கிறார். அதை எழுதும் முன் அவர் விடை தேட வேண்டியவை இவை. 4ஆம் நூற்றாண்டில் ஊல்ஃபிலா ஆக்கிய கோதிக் விவிலிய மொழியில் 'ரின்னன்' எப்படி இருக்கிறது? ஜெர்மனில் 'ரென்னன்', பழைய நார்ஸில் 'ரென்னா' எங்கிருந்து வந்தன? பண்டை ஆங்கிலத்தில் 'ர' முன்பின் மாறி 'இர்னன்' என்று ஏன் வருகிறது? இவற்றுக்கு ஏடும் ஆண்டும் காட்டி விடை தந்தால் வரி வரியாகப் படிப்பேன். தராமல் வெளியிட்டால், ஆசிரியர் அதே இதழில் எனக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.