கச்சேரியா, கலவரமா?

ஜாஸ்னா மங்கின வெளிச்சம், மூலையில ஒருத்தர் கண்ணை மூடிட்டு மெதுவா சாக்ஸபோன் வாசிப்பார்... இப்படி நினைச்சுட்டிருந்த நண்பர் ஒருத்தருக்கு போன வாரம் மைல்ஸ் டேவிஸோட 'அகார்த்தா'வைப் போட்டுக் காட்டினேன். மூணே நிமிஷம். "ஏம்ப்பா, இது கச்சேரியா, கலவரமா?"ன்னு ஹெட்ஃபோனைக் கழட்டிட்டார். அவருக்கு அப்ப சொல்ல வராத பதில்தான் இந்தப் பதிவு.

1975 பிப்ரவரி 1. ஜப்பான்ல ஒசாகா ஃபெஸ்டிவல் ஹால். ஒரே நாள்ல ரெண்டு கச்சேரி. மதியம் வாசிச்சது 'அகார்த்தா'வாவும், ராத்திரி வாசிச்சது 'பான்ஜியா'வாவும் வெளிவந்துச்சு. டிரம்பெட்டுக்கே வா-வா பெடல் மாட்டியிருந்தார் மனுஷன்! கூட பீட் கோஸி, ரெஜி லூகாஸ்னு ரெண்டு கிடார். பின்னாடி அல் ஃபாஸ்டரோட டிரம்ஸ். எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமா வச்சுக் கேளுங்கன்னு இசைத்தட்டு உறையிலயே அச்சடிச்சிருந்தாங்க :-)

1959ல 'கைண்ட் ஆஃப் ப்ளூ'ன்னு அவ்வளவு அமைதியான ஆல்பம் போட்ட அதே ஆள். ராக் கூட்டத்தைப் பிடிக்க ஜாஸைக் கைகழுவிட்டார்னு திட்டினவங்க அப்பவே நிறைய. நான் ஒத்துக்க மாட்டேன்.

காரணம் அந்தச் சத்தத்துக்குள்ளயே இருக்கு. மொத்தக் குழுவும் உச்சத்துல ஓடிட்டிருக்கும்போது மைல்ஸ் ஒரு சைகை காட்டுவார். பட்டுனு எல்லாம் நின்னுடும். ஒரே ஒரு வாத்தியம் மட்டும் அந்தரத்துல தொங்கும். அடுத்த நொடி மறுபடி இடி. நிசப்தத்தை எங்க வைக்கணும்னு பழைய ஆல்பத்துல தெரிஞ்சிருந்தவர், இங்கயும் அதையேதான் செய்யறார். மெதுவான பாட்டுல அந்த இடைவெளி இதமா இருக்கும். இங்க நெஞ்சு ஒரு தரம் நின்னு துடிக்குது.

இன்னொண்ணு. அப்ப அவருக்கு வயசு 48. இடுப்பு வலியோட மேடை ஏறிட்டிருந்த காலம். அதே வருஷம் மேடையை விட்டே ஒதுங்கிட்டார். புதுசா பதிவு பண்ணின அடுத்த ஆல்பம் வந்தது 1981லதான். பின்னாடி வந்த அந்த நீண்ட மௌனம் தெரிஞ்ச பிறகு கேட்டா, இந்தச் சத்தம் வீம்பாத் தெரியல. உள்ள இருந்ததையெல்லாம் ஒரே நாள்ல கொட்டிட்டுப் போன மாதிரி இருக்கு.

நண்பரை மறுபடி கூப்பிட்டிருக்கேன். இந்தத் தடவை ஹெட்ஃபோன் கிடையாது, ஸ்பீக்கர்தான். பக்கத்து வீட்டுக்காரங்க ஊருக்குப் போகட்டும்னு காத்திட்டிருக்கேன்!