வண்டிக் கொட்டகையின் தரை

வீடு சம்பந்தப்பட்ட சில்லறை விஷயங்களை இப்பகுதியில் வாரந்தோறும் எழுதி வருகிறேன். இவ்வாரத்து விஷயம் காலடியில் கிடப்பது. கூரை ஒழுகினால் அன்றைக்கே ஆள் தேடுகிறோம். தரை வெடித்தாலோ, "பார்த்துக் கொள்ளலாம்" என்று தாண்டிப் போகிறோம். நானும் இருபது வருஷ காலம் அப்படித்தான் தாண்டிக் கொண்டிருந்தேன். தாண்ட முடியாமல் தடுக்கி விழுந்தவர் என் தாயார்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டி 18 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள மோட்டார்க் கொட்டகை ஒன்று இருக்கிறது. ஊரார் வழக்கில் அதற்குக் 'கார் ஷெட்டு' என்று பெயர். காலஞ்சென்ற என் தந்தையார் 1998-ஆம் வருஷம் பழைய அம்பாஸடர் வண்டி ஒன்றை வாங்கியபோது அதற்காகக் கட்டியது. நாலைந்து வருஷங்களுக்குள் அதன் கான்கிரீட் தரையில் விரிசல் கண்டது. தென்மேற்கு மூலையில் மயிரிழை போலத் தொடங்கிற்று. பிறகு குறுக்கே ஓடி வாசல் வரையில் வந்தது. நாளடைவில் விரிசலின் ஒரு கரை மற்றொரு கரையைவிட ஓர் அங்குலம் உயர்ந்து நின்றது.

அதற்காக நான் ஒன்றும் செய்யவில்லை என்று எண்ண வேண்டாம். மூன்று தடவை ஆள் வைத்து மேலே சிமெண்டுப் பூச்சுப் பூசச் செய்தேன். மூன்று தடவையும் அது ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை. அப்பளம் போல் உப்பிப் பெயர்ந்தது. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிப்பவன் நான். "விளைவைக் கண்டால் காரணத்தைத் தேட வேண்டும்" என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்பவன். வீட்டில் மட்டும் விளைவின் மேல் வெள்ளை பூசிக் கொண்டிருந்தேன்!

முந்தின வருஷத்துத் திருக்கார்த்திகையன்று, என் தாயார் கொட்டகை வாசலில் அகல் விளக்கு வைக்கப் போனார். மேடு தட்டியது, விழுந்தார், வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. நான் ஆத்திரத்துடன் தரையைப் பழித்தபோது, "ஏய்யா, என் கண்ணு மங்கிப் போச்சு, அதுக்குத் தரையை ஏன் வையுதே?" என்று சொன்னார். அவர் ஏன் தரைக்குப் பரிந்து பேசினார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

மாசி மாதத்தில் மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தேன். அறுபது வயதைக் கடந்தவர். நான் விரிசலைக் காட்டி விவரம் சொல்லிக் கொண்டிருக்கும்போதே அவர் வெளியே சென்று கொட்டகையைச் சுற்றி வந்தார். தென்மேற்கு மூலையில் நின்று, "சார்வாள், மாடித் தண்ணி எங்கே விழுது?" என்று கேட்டார். மொட்டை மாடியின் மழைத் தண்ணீர்க் குழாய் சரியாக அந்த மூலையில்தான் வாய் திறந்து கொண்டிருந்தது. கால் நூற்றாண்டாக அந்தக் குழாயை நான் பார்த்து வந்திருக்கிறேன். அதையும் விரிசலையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் கரிசல் பூமி. கோடையில் கை நுழையும் அளவுக்கு நிலம் பிளந்து கிடப்பதைக் கரிசல்காட்டுக்காரர் எல்லோரும் அறிவர். அம்மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் வகை மிகுதி. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் அடுக்கியது போன்றது அது. தகடுகளுக்கிடையே தண்ணீர் புகுந்தால் மண் உப்புகிறது. தண்ணீர் வற்றினால் சுருங்குகிறது. குழாய்த் தண்ணீர் விழுந்த மூலை ஒவ்வோர் ஐப்பசியிலும் மேலே எழும்பி, ஒவ்வொரு சித்திரையிலும் கீழே இறங்கியிருக்கிறது. மற்ற இடம் அசையாமல் கிடக்க, ஒரு மூலை மட்டும் மூச்சு விடுவது போல் ஏறி இறங்கினால் தரை என்ன செய்யும்? அதன் மேல் பூசிய கால் அங்குலப் பூச்சுத்தான் என்ன செய்யும்?

வாசகர்களுக்கு உதவும் என்று ஒரு சிறு பரிசோதனையைச் சொல்லுகிறேன். விரிசலின் நுனியில் பென்ஸிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்து பாருங்கள். நுனி நகராமலும், இரு கரைகளும் ஒரே மட்டத்தில் இருந்தும், தட்டினால் கெட்டியான ஓசை கேட்டும் இருந்தால், விரிசலை அடைத்தாலே போதும். நுனி நீண்டிருந்தாலும், கரைகள் ஏறி இறங்கினாலும், தட்டும்போது பானையைத் தட்டியது போல் வெற்றோசை கேட்டாலும், பூச்சுக்குச் செலவிடும் பணம் வீண். பெயர்த்தெடுப்பதே வழி.

பெயர்த்தோம். தூசி பறக்காதபடி தண்ணீர் தெளித்துக் கொண்டே உடைக்க வேண்டும். உடைப்பவர்கள் மூக்கையும் வாயையும் தக்க முகமூடியால் மூடிக் கொள்ள வேண்டும். கான்கிரீட் தூசியில் உள்ள ஸிலிகா நுரையீரலில் தங்கினால் சிலிகோஸிஸ் என்ற தீராத வியாதி உண்டாகும். கூலிக்கு வந்தவரின் நுரையீரலுக்கும் வீட்டுக்காரர் பொறுப்பாளி என்பதை நாம் எளிதில் மறந்து விடுகிறோம்.

அன்று வந்த இடிபாடு 2½ டன்னுக்கு மேல் இருக்கும். அதில் ஒரு துண்டை மேஸ்திரி என் கையில் கொடுத்தார். சுவரோரத்தில் 4 அங்குலக் கனம் இருந்த தரை, நடுவில் 2 அங்குலந்தான் இருந்தது! எனக்குக் கோபம் மூண்டது. "அந்தக் காலத்துக் கொத்தனார் அப்பாவை ஏமாற்றியிருக்கிறார்" என்று உரக்கச் சொன்னேன். மேஸ்திரி பதில் பேசவில்லை. என் தாயார் உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்து வந்து, கட்டுப் பிரித்த கையால் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

1998-ஆம் வருஷம், ஜூலை மாதம். தந்தையாரின் கையெழுத்து. 'சிமெண்டு 11 மூட்டை' என்று எழுதி, அடித்துவிட்டு, '7 போதும் என்று சொல்லியாகிவிட்டது' என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்த வரியில் 'தம்பி கல்லூரிக் கட்டணம், விடுதி முன்பணம்' என்றும் அதற்கான தொகையும் இருந்தன.

அந்தத் 'தம்பி' நான்தான். கொத்தனார் யாரையும் ஏமாற்றவில்லை. நாலு மூட்டைச் சிமெண்டு என் படிப்பாகியிருந்தது. இருபது வருஷமாக நான் குறை கூறி வந்த தரைக்கு நானே கடன்பட்டிருந்தேன். சற்று நேரம் எனக்குப் பேச நா எழவில்லை. "அவங்க தெரிஞ்சுதான் செஞ்சாங்க" என்று மட்டும் அம்மா சொன்னார்.

ஆயினும் புதுத் தரையைச் சரியாகப் போட வேண்டும் அல்லவா? முதல் வேலையாக மாடிக் குழாயை நீட்டி, தோட்டத்தில் தள்ளியிருந்த மழைநீர்க் குழிக்குத் தண்ணீர் போகும்படி செய்தோம். அதைச் செய்யாமல் எத்தனை மூட்டை கொட்டினாலும் பிரயோஜனம் இல்லை. பிறகு உள்ளே ஒன்றரை அடி ஆழத்துக்குக் கரிசலை வாரி வெளியேற்றினோம். சுவரின் அஸ்திவாரத்தை மீறித் தோண்டக் கூடாது என்பதில் மேஸ்திரி கண்டிப்பாக இருந்தார். அந்தக் குழியில், உப்பாத தன்மையுள்ள கிராவல் மண் 3½ யூனிட் கொட்டி, 6 அங்குலத்துக்கு ஓர் அடுக்காகத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டோம். மூன்று அடுக்கும் இறுகிய பின் பாலிதீன் விரிப்பு. அதன் மேல் 8 மில்லிமீட்டர்க் கம்பியை அடிக்கு ஒன்றாகப் பின்னிய வலை. இந்த வலை தரையின் மேல்மட்டத்திலிருந்து சுமார் 2 அங்குலம் கீழே நிற்குமாறு சிறு கட்டைகளின் மேல் வைக்கப்பட வேண்டும். அடியில் படுத்துக் கிடக்கும் கம்பி விரிசலைத் தடுக்க உதவாது.

தரையின் கனம் 5 அங்குலம். ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. இந்தக் கலவைக்கு மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆகாது என்பது இந்தியத் தர விதி. இங்கேதான் எனக்கும் வேலையாட்களுக்கும் சிறிது தர்க்கம் நேர்ந்தது. தண்ணீர் கூடினால் கலவை சுலபமாக ஓடும். கைக்கு வலி குறையும். ஆனால் மிகுதித் தண்ணீர் பின்னால் ஆவியாகி, கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுப் போகிறது. தண்ணீரும் சிமெண்டும் எந்த விகிதத்தில் சேர்கின்றனவோ, அதைப் பொறுத்தே கான்கிரீட்டின் பலம் அமையும் என்று அமெரிக்காவில் டஃப் ஆப்ரம்ஸ் என்பவர் 1918-ஆம் வருஷத்திலேயே எடுத்துக் காட்டினார். ஆகையால் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, இன்னும் இரண்டு ஆட்களைக் கூட்டிக் கொண்டோம்.

அடுத்த தர்க்கத்தில் நான் தோற்றேன். தரை கண்ணாடி போல் மின்ன வேண்டும் என்று ஆசைப்பட்டு, மேலே சிமெண்டுத் தூளைத் தூவித் தேய்க்கச் சொன்னேன். மேஸ்திரி மறுத்துவிட்டார். "மினுக்கின தரை ஒரு வருஷம் அழகு, சார்வாள், அப்புறம் தோல் உரியும். அம்மா நடக்கிற இடம், வழுக்கக் கூடாது" என்றார். ஈரம் சற்று அடங்கியதும் விளக்குமாற்றால் மெல்லிய கோடுகள் இழுத்தார். வாசலை நோக்கி அடிக்கு அரைக்கால் அங்குலம் வீதம் வாட்டம் கொடுத்தார். சுவரையும் தரையையும் ஒட்டவிடாமல் இடையில் அரை அங்குல இடைவெளிக்குத் தக்கை வைத்தார். மறுநாள் காலையில் 18 அடி நீளத்தை நடுவில் ஒன்றேகால் அங்குல ஆழத்துக்கு இயந்திரத்தால் கீறினார். கான்கிரீட் சுருங்கும்போது எங்கேனும் வெடித்தே தீரும். அது நாம் காட்டிய கோட்டில் வெடிக்கட்டும் என்பதே அதன் நோக்கம்.

பிறகு தண்ணீர். கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பழைய சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கெட்டிப்படுவது. சிமெண்டோ தண்ணீருடன் சேர்ந்து ரசாயன மாறுதல் அடைந்து கெட்டிப்படுவது. முன்னதாகக் காய்ந்தால் அம்மாறுதல் பாதியில் நின்றுவிடும். சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் வேண்டும். உஷ்ணம் மிகுந்த வறண்ட காலத்தில் 10 நாள். சாம்பல் கலந்த சிமெண்டானால் அத்தகைய காலத்தில் 14 நாள். எங்கள் சிமெண்டு சாம்பல் கலந்தது. ஆகவே களிமண்ணால் பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிறுத்தினோம். நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில் தண்ணீர் குறையாமல் பார்த்துக் கொண்டவர் என் தாயார். கை சரியாகி விட்டதா என்று நான் கேட்டதற்கு, இடது கையால் செம்பைத் தூக்கிக் காட்டினார். 28 நாள் கழித்தே காரை உள்ளே கொண்டு வந்தேன்.

அதன் பின் ஒரு கோடை போயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழையும் போயிற்று. நடுக்கோட்டில் நூல் போன்ற ஒரு கீறலைத் தவிரத் தரையில் வேறு மாறுதல் இல்லை. சென்ற திருக்கார்த்திகையன்று அம்மா அதே வாசலில் விளக்கு வைத்தார். நான் கையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று விலக்கிவிட்டார்.

தந்தையாரின் கணக்கு நோட்டில் பின்பக்கங்கள் சில காலியாக இருந்தன. அவற்றில் முதல் பக்கத்தில் தேதியிட்டு, 'கொட்டகைத் தரை, சிமெண்டு 17 மூட்டை' என்று எழுதினேன். அதற்குக் கீழே, 'இதில் 4 மூட்டை, பழைய பாக்கி' என்று எழுதி வைத்திருக்கிறேன்.