தளத்தில் கால் பதிக்கட்டும் மேற்படிப்பு



கட்டுமானப் பொறியியல் மற்றும் மேலாண்மையில் எம்.இ. படிக்க நம் பிள்ளைகள் ஆர்வம் காட்டுவது மகிழ்ச்சி தருகிறது. முப்பது ஆண்டுகள் தளப் பொறியாளராக இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் போயின. கட்டுமானத்தில் மேற்பார்வை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

தாங்கிகளுக்கு இடையே நாலரை மீட்டருக்கு மேல் நீளும் கான்கிரீட் தளத்துக்கு, சாதாரண சிமென்ட் என்றால், முட்டுகளை 14 நாளாவது விட்டுவைக்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. இது மாணவர்களுக்குத் தெரியும். ஆனால் பத்தாம் நாளே முட்டுகளைப் பிரிக்கச் சொல்லி ஒப்பந்ததாரர் நெருக்கும்போது, 'முடியாது' என்று சொல்லும் உறுதி வகுப்பறையில் மட்டும் வந்துவிடாது.

கால அட்டவணை போடும் மென்பொருளோடு, ஒரு பருவம் முழுவதும் கொத்தனார், கம்பி கட்டுபவர், சித்தாள் ஆகியோருடன் தளத்தில் நிற்பதும் கட்டாயமாகட்டும். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அத்தகைய குழுவின் கூட்டங்களில் மாணவர்களும் உட்காரட்டும். ஆய்வேட்டின் தலைப்பும் அங்கிருந்தே பிறக்கட்டும்.

சாரத்தில் ஏறும் மனிதர் மாலையில் பத்திரமாக வீடு திரும்புவதும் இந்தப் படிப்பின் மதிப்பெண்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர்,
திருச்சி.