ஸ்கேன் வலிக்காது என்று யார் சொன்னது?

"ஸ்கேன்தானே, வலிக்கவா போகுது? சும்மா படுத்திருந்தா போதும்." புற்றுநோயாளிக்கு வீட்டிலும் ஸ்கேன் மையத்திலும் கிடைக்கும் ஆறுதல் இது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அது உண்மையில்லை.

நோய் முதுகெலும்புக்குப் பரவியவருக்கு மெத்தையிலேயே மல்லாந்து படுப்பது பெரும்பாடு. அவரை எம்.ஆர்.ஐ. பலகையில் அரைமணி, முக்கால்மணி நேரம் அசையாமல் கிடக்கச் சொல்கிறோம். அசைந்தால் படம் கலங்கும், மறுபடி எடுக்க நேரும். வழக்கமான வலி மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டால் படுக்கிற நேரத்துக்குக் கேட்கும் என்று டாக்டரிடம் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு அடியில் வைக்கத் தலையணை கேளுங்கள். கூச்சமே வேண்டாம், வலி அடங்கினால்தான் படமும் தெளிவாக விழும்.

"தைரியமா இருங்க, எல்லாம் மனசுதான்" என்பது அடுத்தது. எம்.ஆர்.ஐ. குழாயின் அகலம் 60, 70 சென்டிமீட்டர்தான். மூக்குக்கு நேரே சுவர், 100 டெசிபலைத் தாண்டும் தடதடப்பு. அங்கே மூச்சு முட்டுவது கோழைத்தனமல்ல. உள்ளே போகுமுன்பே கண்ணை மூடிக்கொள்வதும், ஒவ்வொரு கட்டமும் எத்தனை நிமிடம் என்று மைக்கில் சொல்லச் சொல்வதும் பலருக்குக் கைகொடுக்கின்றன. கையில் தரும் ரப்பர் பந்து அழுத்துவதற்குத்தான். அழுத்துங்கள், நிறுத்தி என்னவென்று கேட்பார்கள். அப்படியும் முடியாதவருக்குப் பதற்றம் தணிக்கும் மருந்து உண்டு. அன்று துணைக்கு ஆள் வேண்டும்.

"கீமோவையே தாங்கிட்டீங்க, இந்த ஊசி என்ன பிரமாதம்?" கீமோ ஏறி ஏறித்தானே நரம்பு கெட்டுப்போயிருக்கிறது! புறங்கையைத் தட்டித் தட்டித் தேடி, ஒரு குத்து தவறி, இன்னொன்றும் தவறும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். குத்துவதற்கு முன் கையைச் சற்றுச் சூடாக்கினால் நரம்பு தெரியும். சி.டி.க்குச் சாயமருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவி, சிறுநீர் போய்விட்டதோ என்று பதறுவார்கள். போயிருக்காது, சில நொடியில் அடங்கிவிடும். ஒரு வரி முன்கூட்டிச் சொல்லக்கூட நேரமில்லாமலா போகிறது?

"எடுத்தாச்சே, இனி என்ன கவலை?" கவலையே அதற்குப் பிறகுதான். டாக்டரைப் பார்ப்பதற்குள் ரிப்போர்ட் செல்போனுக்கு வந்துவிடுகிறது. அதை உடனே திறப்பதா, டாக்டர் முன்னால் திறப்பதா என்று நோயாளியே முடிவு செய்யட்டும். "என்ன வந்துச்சு?" என்று கேட்கும் சொந்தக்காரர்களின் போன்களை வீட்டில் வேறொருவர் எடுக்கட்டும்.