எடைக்கு வண்டி, இனாமா ஆர்.சி. புக்கு!

குத்தாலத்துல சாரல், ஐந்தருவியில கூட்டம்னு ஜாலியா எழுதத்தான் உட்கார்ந்தேன் மக்களே. வயித்தெரிச்சல் வேற பக்கம் இழுக்குது.

எங்கப்பாவோட மாருதி 800, 1998 மாடல், கார்புரேட்டர் வண்டி. ரெண்டு வருஷம் முன்னாடி தென்காசியில காயலான் கடைக்குப் போட்டாச்சு. (காயல்பட்டினத்து வியாபாரிகளால வந்த பேருன்னு சொல்லுவாங்க.) கடைக்காரர் எடை போட்டு காசை எண்ணிக் கொடுத்துட்டு, "புக்கையும் குடுத்திருங்க அண்ணாச்சி, நாங்க பாத்துக்கிடுதோம்"னாராம். அப்பாவும் கொடுத்துட்டார், கையெழுத்து போட்ட வெத்து ஃபாரத்தோட!

போன மாசம் அதே நம்பருக்கு ஓவர் ஸ்பீடு அபராதம்னு அப்பா மொபைலுக்கு மெசேஜ். செத்த வண்டி எப்படிய்யா பறக்கும்? ஒண்ணு அதை உடைக்கவே இல்லை, இல்லைன்னா நம்பர் வேற வண்டியில ஏறிடுச்சு.

காயலான் கடையைத் திட்டப் போறேன்னு நினைக்காதீங்க. சென்னை புதுப்பேட்டையும் நம்மூர் கடைகளும் இல்லைன்னா பழைய 800-க்கு ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் கதவுக் கண்ணாடிக்கும் எங்க போறது? (பிரேக் ஷூ மட்டும் அங்க வாங்காதீங்க, புண்ணியமாப் போகும்.) என் கோபம் நம்ம மேல. பழைய பேப்பர் போடறப்பகூட உள்ள பாஸ்புக் இருக்கான்னு புரட்டிப் பார்க்கிற ஜனம், வண்டியோட ஜாதகத்தையே தூக்கிக் கொடுத்துட்டு வருது.

1988 மோட்டார் வாகனச் சட்டம், 55-வது பிரிவு. வண்டி இனி ஓடாதுன்னா 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லி ஆர்.சி.யை ஒப்படைக்கணும். ரத்து பண்ணலைன்னா? 2018-ல நவீன் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. வண்டி கை மாறினாலும், ஆர்.சி.யில யார் பேரு இருக்கோ விபத்து இழப்பீடு அவர் தலையிலதான். நல்லவேளை, எங்களுக்கு வந்தது வெறும் அபராதம்.

"அதுக்கெல்லாம் யாருலே அலையறது?"ன்னான் ஒரு நண்பன். 2021-ல வந்த விதிப்படி அங்கீகார மையத்துல போட்டா சேஸ் நம்பரை வெட்டி எடுத்துட்டு சர்டிபிகேட் தருவாங்கன்னேன். "மையம் என்ன பக்கத்துத் தெருவிலயா இருக்கு?"ங்கிறான். நியாயமான கேள்விதான். ஆனா 55-வது பிரிவுக்கு மையம் எதுக்கு? ஒரு கடிதமும் அந்தப் புக்கும் போதுமே!

புகார் கொடுக்கப் போனோம். வித்ததுக்கு ஆதாரம் கேட்டாங்க. அப்பா பர்ஸ்ல இருந்து துண்டுச்சீட்டை எடுத்து நீட்டினார். தேதி இல்லை, வண்டி நம்பர் இல்லை, கடை முத்திரை இல்லை. எடை மட்டும் இருந்துச்சு.