பழைய துப்பாக்கியின் மேல் பழி போடாதீர்கள்!



கனடாவில் மான் வேட்டை உரிமம் வைத்திருக்கும் என் மருமகன், "மாமா, பழைய லீ என்ஃபீல்டு வாங்கி ஏமாந்துட்டேன், குறி நிற்கவே இல்லை" என்கிறான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்!

என்.சி.சி.யில் அதே 'த்ரீ நாட் த்ரீ'யைத் தோளில் வைத்துச் சுட்டவன் நான். எந்தக் குண்டு போட்டாய் என்று கேட்டேன். அடிப்பக்கம் படகுபோல் குறுகிய புதுக் குண்டாம். தவறு அங்கேதான்!

1910இல் வந்த மார்க் 7 தோட்டாவின் குண்டுக்கு அடி தட்டை. எடை 174 கிரெயின், அதாவது சுமார் 11 கிராம். போர்க்காலக் குழல்கள் பல, அளவில் சற்றுப் பெரியவை, தேய்ந்தும் போனவை. தட்டை அடி, வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்து குழலை அடைக்கும். குறுகிய அடி அப்படி அடைக்காது. வாயு கசியும், குறி சிதறும்.

வேகத்துக்காக மருந்தைக் கூட்டுவதும் ஆபத்து. அதன் போல்ட் பின்பக்கம் பூட்டுவது. அளவுக்கு மீறிய அழுத்தத்துக்குச் செய்ததல்ல.

குறி தவறினால் காயத்தோடு காட்டுக்குள் ஓடித் துடிப்பது அந்த வாயில்லா ஜீவன். ஆகவே தட்டை அடிக் குண்டை முதலில் இலக்குப் பலகையில் சுட்டுப் பார், பிறகு பேசு.

வகுப்பறையிலும் இதைத்தான் செய்தோம்: பாடம் சொன்ன விதம் பொருந்தாதபோது, பிள்ளையை மக்கு என்றோம். சிந்தியுங்கள்.